இம்புட்டுத்தானா

அக்காவின் கழுத்தில் மூன்றாவது முடிச்சும் விழுந்து மேளம் ஓய்ந்த அந்தச் சிறிய இடைவெளியில், மாப்பிள்ளை பக்கத்தில் நின்ற தோழனிடம், "இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். முன்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அக்காவும் குனிந்த தலையோடு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் பாவாடை சட்டையோடு உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். மாப்பிள்ளை கலகலப்பான ஆள் என்று பந்தி முழுக்கப் பேச்சாயிற்று. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது எங்களுக்குப் புரியச் சில காலம் பிடித்தது.

தலைத் தீபாவளிக்கு வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, இலையில் வைத்ததையெல்லாம் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, நடுப்பகலில் சுவரில் சாய்ந்துகொண்டு அதே கேள்வியைக் கேட்டார். என் அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. சீர் பற்றவில்லை என்பதைத்தான் மாப்பிள்ளை சாடையாகச் சொல்கிறார் என்று நினைத்து, மதுரைக்கு ஆள் அனுப்பி ஒரு கைக்கடிகாரம் வாங்கிவரச் செய்தார். அத்தான் அதைக் கட்டிக்கொண்டு முள் ஓடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுத்திச் சுத்தி வருது மாமா," என்றார் அப்பாவிடம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா, இம்புட்டுத்தானா?"

இளக்காரமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடலாம். அவர் அப்படிக் கேட்கமாட்டார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவுகிறவர் போலக் கேட்பார். நம்மிடம் இருக்கிறது, நாம்தான் எடுத்துக் காட்டாமல் இருக்கிறோம் என்பதுபோல நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் யாருக்கும் கோபம் வராது. நாலு நாள் கழித்து, அடுப்படியில் தனியாக இருக்கும்போது வரும்.

அவருக்கு அப்போது இராஜபாளையத்தில் பருத்தி அரைக்கும் ஆலையில் எடை போடும் இடத்தில் வேலை. நல்ல வேலை. முதலாளிக்கு அவர்மேல் நம்பிக்கையும் இருந்தது. ஒருநாள் மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட வந்தவர் திரும்பிப் போகவில்லை. அக்கா உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டிருக்கிறாள். காலையில் பருத்தியாக வருகிறது, சாயங்காலம் கொட்டை தனியாகப் பஞ்சு தனியாகப் போகிறது, நடுவில் நான் எதற்கு நிற்கிறேன் என்று அவளிடம் கேட்டாராம். சோறு போடட்டுமா என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், சதுரகிரி மலைக்குப் போய்விட்டார் என்ற தகவல் ஒரு வாரத்துக்குப் பிறகுதான் வந்தது.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தேன். எங்க வீட்டுக்காரர் முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா. அக்கா வீட்டில் கைப்பிள்ளையோடு அவள் மட்டும். அத்தானைத் தேடிப் போக வேறு ஆள் இல்லை. எங்க வீட்டுக்காரர் கோர்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வத்திராயிருப்புக்கு மாட்டுவண்டியில் போனார். மலையேற வேண்டியிருக்கவில்லை. அடிவாரத்தில், மகாராஜபுரத்தில், ஒரு மாந்தோப்பில் அத்தான் உட்கார்ந்திருந்தார். தோப்புக்காரர் அவருக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாராம்.

"மேல போயிட்டு வந்துட்டேன்," என்று சொல்லியிருக்கிறார். "சாமியாருங்களும் விடியக்காலம் எந்திரிக்காங்க, சுள்ளி பெறக்குதாங்க, உலை வைக்காங்க, தின்னுட்டு ஏனத்தைக் கழுவுதாங்க. எங்க வீட்டுல நடக்கிறதுதான் அங்கயும் நடக்குது. இதுக்கு எதுக்கு அம்புட்டு ஏத்தம் ஏறணும்?"

"அப்பம் வீட்டுக்கே வாங்க அண்ணாச்சி," என்று இவர் சொல்ல, மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவர் பேசிய பேச்சு நியாயமாகத்தான் இருந்தது என்று எங்க வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஏனத்தை யார் கழுவினால் என்ன, இங்கே கழுவிக்கொண்டிருந்தவள் என் அக்கா.

அந்த வாரத்தில்தான் அக்கா தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு எருமை வாங்கினாள். விடியுமுன் தொழுவத்தைக் கூட்டி, பால் கறந்து, வீடுவீடாகக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து, கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பி, புல்லறுக்கப் போய், திரும்பி வந்து பானை சட்டியைக் கழுவிப் போட்டு, மறுபடியும் சாயங்காலப் பால். எருமைகள் மாறின. வேலை மாறவில்லை. அத்தான் நடுநடுவே வேலைக்குப் போவார். ஒரு கடையில் கொஞ்ச நாள், புதிதாக வந்த நூல் மில்லில் கொஞ்ச நாள். எங்கேயும் அவரைத் துரத்தியது கிடையாது. இவர்தான் ஒருநாள் நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அதோடு சரி.

அந்தக் கைப்பிள்ளை, அவர்கள் மகன், பிறந்தபோது மட்டும் அவர் கேட்கவில்லை. இதை அக்கா என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பிள்ளையைக் கையில் வாங்கி, பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். கேட்டுவிடுவாரோ என்று அவள் பயந்துகொண்டே படுத்திருந்தாளாம். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்க் கோயம்புத்தூருக்கு மில் வேலைக்குக் கிளம்பிய அன்று, ரயிலடியிலிருந்து திரும்பி வரும்போது அதையும் கேட்டார். "வளத்தோம், அனுப்பியாச்சு. இம்புட்டுத்தானா?" அக்கா அதற்கு அழுதாள். மகன் போனதற்கு அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கள்ளுக்கடை மறியல் நடந்த காலத்தில் அதிலும் போய் நின்றார். பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தபோது மாலை போட்டு ஊர்வலமாக அழைத்துவந்தார்கள். ஊரே பெருமைப்பட்டது, நானும் பட்டேன் என்றே சொல்ல வேண்டும். இந்த மனிதர் இவ்வளவு நாள் தேடியது இதைத்தான் போலிருக்கிறது, இனி ஒரு பிடிமானம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஜெயில் எப்படி இருந்தது அத்தான் என்று கேட்டதற்கு, எழுப்புகிறான், வரிசையில் நிறுத்தி எண்ணுகிறான், கஞ்சி ஊற்றுகிறான், படுக்கச் சொல்கிறான், வெளியேயும் அதேதான், எண்ணுவதற்கு மட்டும் ஆள் இல்லை என்றார். அந்த மாலையை அக்கா எருமைக்குப் போட்டுவிட்டாள். கிண்டலுக்கு இல்லை. பூ வாடுமுன் அது தின்னட்டும் என்றுதான்.

ஆடிப்பூரத் தேருக்கு ஒரு வருஷம் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கள் ஊர்த் தேர் பெரிது. கிளப்பிவிட்டால் நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும். அத்தான் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வடம் பிடிக்கப் போனார். ஒரு வீதி முழுக்க உயிரைக் கொடுத்து இழுத்தார். வியர்வையும் புழுதியுமாக அவரைப் பார்க்கவே நன்றாக இருந்தது. அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தெருமுனை திரும்பும்போது தேர் எந்த வழியாகச் சுற்றி வரும் என்று பக்கத்தில் இழுத்தவரிடம் விசாரித்திருக்கிறார். அவர் சொல்லியிருக்கிறார். அத்தான் வடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"பொறப்பட்ட எடத்துக்கேதான் வருமாம்," என்றார்.

"பின்ன எங்க போகும் அத்தான்? சிவகாசிக்கா?" என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் வந்துபோன ஒவ்வொரு தடவையும் எனக்கு இரண்டு நாள் கெட்டுப்போகும். அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. தோசையைத் திருப்பிப் போடும்போது காதுக்குள் அந்தக் கேள்வி வரும். கூட்டி அள்ளிய குப்பை மறுநாள் காலையில் அதே இடத்தில் கிடக்கும்போது வரும். எங்க வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டும் சத்தத்தில் வரும். அத்தான் வராதவரைக்கும் நான் நன்றாகத்தான் இருந்தேன். பிள்ளைகள் சாப்பிட்டார்களா, துணி காய்ந்ததா, இருட்டுமுன் விளக்குத் துடைத்தாயிற்றா என்று பொழுது போய்க்கொண்டிருந்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பிறகு கேட்காததுபோல இருக்க முடிவதில்லை. கேட்டவர் பாட்டுக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நான் எங்கே போவது? கரண்டியும் கையுமாக நின்று பிள்ளைகள்மேல் எரிந்து விழுவேன்.

உலகச் சண்டை நடந்த காலத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சாமியார் வந்து ஒரு மடத்தில் தங்கியிருந்தார். காலையில் நாலு வார்த்தை பேசுவார். கேட்பதற்குக் கூட்டம் வரும். அத்தான் இராஜபாளையத்திலிருந்து வந்து, பேச்சைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டார். அன்றைக்கும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சாமியார் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை மூடி உட்கார்ந்தால் முதலில் இருட்டாகத்தான் இருக்குமாம், அதற்குப் பின்னால் ஒன்று இருக்கிறதாம். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. எனக்குக்கூட ஒரு நிமிஷம் கேட்க ஆசையாக இருந்தது.

அப்போது வாசலில் பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து நின்றார். அக்காவிடம் பால் வாங்குகிறவர்.

"அண்ணாச்சி, வீட்டுல அவிய கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டாக. எந்திரிக்க முடியலை. ஒங்களக் கூட்டியாரச் சொன்னாக."

அத்தான் அப்படியே எழுந்து போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். பெட்ரோல் கிடைக்காத காலம், கரிப்புகையில் ஓடும் பஸ். பாதி வழியில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி, பின்பக்கத்துக் கரியடுப்பின் காற்றுச் சக்கரத்தைச் சுற்றினார். அது பிடிக்கவில்லை. அத்தான் இறங்கிப் போய் அவரை விலக்கிவிட்டு, தானே சுற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் பார்த்தேன், அவர் கை கழுவவில்லை. சாம்பார் விரல்களில் காய்ந்துபோயிருந்தது. முகமெல்லாம் கரி. சுற்றிக்கொண்டே இருந்தார். எஞ்சின் பிடித்து ஓட ஆரம்பித்தபிறகும் அவருக்கு அது தெரியவில்லை, கண்டக்டர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அக்காவுக்கு இடுப்பெலும்பில் அடி. எலும்பு வைத்தியர் வந்து, முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்த துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பல மாதம் அசையக்கூடாது, பிறகும் பழையபடி நடப்பது சந்தேகம்தான் என்றார். அக்கா வலியைக்கூடச் சொல்லவில்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நாள் நான் இருந்து பார்த்தேன். என் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள், கிளம்ப வேண்டியதாயிற்று. அத்தானிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகும்போது, இந்த மனிதர் அடுத்த மலைக்கு எப்போது கிளம்புவாரோ என்ற நினைப்புத்தான் எனக்கு.

அவர் கிளம்பவில்லை. முதலில் சோறு குழைந்தது, பிறகு கருகியது. எருமை அவரைப் பக்கத்தில் விடவில்லை. அக்காவின் வாசம் இருந்தால் நிற்கும் என்று யாரோ சொல்ல, அவளுடைய பழைய சேலையை எடுத்து உடம்பில் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். எருமை திரும்பிப் பார்த்துவிட்டுப் பால் விட்டது. தெருவே வந்து நின்று சிரித்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தினமும் அப்படித்தான் கறந்தார். தலைப்பை இழுத்துச் சரிசெய்வதுகூட அக்கா செய்வதுபோலவே இருந்தது என்று பக்கத்து வீட்டு ராஜுக்கள் வீட்டம்மா தெலுங்கும் தமிழுமாக என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த தடவை நான் போனபோது அவர் கொல்லையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுப் பானை தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கண் பளபளவென்று இருந்தது.

"சின்னவளே, கெடைச்சுப்போச்சு," என்றார்.

"என்ன அத்தான் கெடைச்சுது?"

"நான் தேடுனது. இங்கதான் இருந்திருக்கு. இதைத் தேய்க்கும்போது வேற எதுவும் வேணும்னு தோணலை. முடிஞ்சதும், அம்புட்டுத்தானான்னும் தோணலை."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டியதுதான். சின்ன வயதிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்குக் கடைசியில் ஏதோ ஒன்று கைக்கு எட்டியிருக்கிறது. ஆனால் எனக்கு அந்தப் பானையைப் பார்க்கத்தான் முடிந்தது. அடியில் ஒட்டுப்போட்ட பழைய வெண்கலப் பானை. அக்கா புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கிடைத்ததை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். பால் வாங்க வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். முதலில் சிரித்தார்கள். பிறகு நின்று கேட்டார்கள். பிறகு பால் வாங்காதவர்களும் வந்தார்கள். மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், பஞ்சுக்கடைக்காரர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் என்று சாயங்காலமானால் தொழுவத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம். நான் கேலிக்குச் சொல்லவில்லை, அவர் நன்றாகவே பேசினார். பொய் கலக்காமல் பேசினார். அவர் இறந்த அன்றைக்குக்கூட, வெகுகாலம் கழித்து, அந்தப் பேச்சை நினைவு வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றவர்கள் உண்டு. பெண்டாட்டிக்குப் பானை தேய்த்த பெரிய மனசுக்காரர் என்று அவர்கள் சொன்னதை அக்கா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தேன். வெளியே அத்தானின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கெணத்துல வாளியை விடும்போது கயிறு கையில ஓடுது பாருங்க. அதைக் கவனிச்சாப் போதும். நான் மலையேறித் தேடுனேன், ஜெயிலுக்குப் போயித் தேடுனேன். எல்லாம் அந்தக் கயித்துல இருந்திருக்கு."

"தண்ணி," என்றாள் அக்கா. வெளியே கேட்கவேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள்.

அத்தான் கயிற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்கா மறுபடியும் சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்த செம்பு காலி. அடுப்படிக் குடமும் காலி. நான் கொல்லை வழியாகப் போய் ஒரு வாளி இறைத்துக்கொண்டு வந்து அவளுக்குக் கொடுத்தேன். கடகடவென்று குடித்தாள். எவ்வளவு நேரமாகத் தாகத்தோடு கிடந்தாளோ தெரியாது. குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவிய கிட்ட ஒண்ணும் சொல்லாத," என்றாள்.

நான் வெளியே போனேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் போய் நின்றேன். அதுவரைக்கும் நான் அப்படி நின்றதில்லை.

"இம்புட்டு வருசமா அந்தக் கயித்தை இழுத்தவ உள்ள கெடக்கா. அவகிட்ட வந்து யாராவது ஒரு நாள் கேட்டீங்களா?"

அத்தான் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. தலையைக் குனிந்து யோசித்தார்.

"சின்னவ சொல்லுதது சரி," என்றார். "நான் அவகிட்டக் கேக்கவே இல்லை."

அப்படியே எழுந்து உள்ளே போனார். கூட்டமும் எழுந்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. அத்தான் அக்காவின் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, இம்புட்டு வருசம் தண்ணி எறைச்சே, பானை தேய்ச்சே. ஒனக்கு அதுல என்ன தெரிஞ்சுது?"

அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஆட்களைப் பார்த்தாள். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"என்ன தெரியும்? கை வலிச்சுது," என்றாள்.

வாசலில் ஒருவர் சிரித்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் மட்டும் சிரிக்காமல், அதெல்லாம் எல்லோருக்கும் பிடிபடாது அம்மா, இவரைப் போல வருஷக்கணக்காகத் தேடியவர்களுக்குத்தான் பிடிபடும் என்று எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டேன். இன்றைக்கும் அந்த வாத்தியாருக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசிக்கிறேன். நல்ல பதில் எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் அத்தான் அக்காவின் கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு அக்கா சொன்னாள். மறுநாளிலிருந்து கூட்டம் போடவில்லை. வந்தவர்களிடம் எனக்கு இன்னும் தெரியவில்லை, போய்வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு குடங்கள் காலியாகக் கிடந்ததில்லை. அவள் கேட்குமுன் தண்ணீர் வரும், வெந்நீர் வரும், கஞ்சி வரும். அக்கா எழுந்து கோலை ஊன்றி நடக்க ஆரம்பித்தபிறகும் அவளை ஒரு துரும்பைத் தூக்க விடவில்லை. இனிமேல் ஒன் கை வலிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். மகனே கோயம்புத்தூரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அப்பா இப்படி மாறுவார் என்று நினைக்கவில்லை என்றான். எனக்கும் மனசு கொஞ்சம் இறங்கிவந்தது. சரி, பிந்தியாவது புத்தி வந்ததே என்று இருந்தேன்.

சாரல் காற்று அடிக்கும் மாதம் ஒன்றில் அக்காவைப் பார்க்கப் போனேன். அத்தான் புல்லுக்குப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நாங்கள் இரண்டு பேரும் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மேற்கே மலை மேகத்துக்குள் மூடிக்கிடந்தது. அக்கா இளைத்திருந்தாள். கவனிப்புக்குக் குறைவில்லாத வீட்டில் இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, நான் கேட்காமலே, அவளாகவே பேசினாள். அக்கா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மத்தியானம் ஏனமெல்லாம் கழுவிக் கவுத்திட்டு, சாயங்காலப் பாலுக்கு முன்னால செத்த நேரம் இருக்கும் பாரு. அப்பம் இந்தக் கதவுகிட்ட வெறுந்தரையில படுப்பேன். மலைக்காத்து வரும். ஈரக்கை அப்படியே காயும். ஒண்ணும் நெனைக்க மாட்டேன். அந்த நேரம் எனக்குன்னு இருந்துச்சு. காலையில எந்திரிக்கும்போதே அது வரும்னுதான் எந்திரிப்பேன்."

"அன்னைக்குக் கேட்டாகளே, அப்பமே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா அதையும் நாலு பேரைக் கூட்டி வச்சுப் பேசுவாக," என்றாள். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

"இப்பவும் படுக்க வேண்டியதுதானே. யாரு வேண்டாம்னா?"

அக்கா சுவரில் சாத்தியிருந்த கோலைப் பார்த்தாள்.

"இப்பம் ஒரு வேலையும் இல்லை. காலையிலருந்து படுத்துத்தான் கெடக்கேன். படுத்தா பக்கத்துல வந்து உக்காந்துக்கிடுதாக. வலிக்குதா, காலைப் புடிச்சு விடட்டுமா, என்ன நெனைக்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்காக. நல்லதுக்குத்தான் கேக்காக. நான் என்ன சொல்ல? முன்னெல்லாம் எங்கயாவது போவாக."

வாசலில் புல்லுக்கட்டைப் போடும் சத்தமும், அத்தான் எருமையோடு பேசும் சத்தமும் கேட்டது. அக்கா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏட்டி, ஒங்க ஊருக்கு எந்தச் சாமியாராவது வந்தா அவியளுக்குச் சொல்லி அனுப்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

ஊருக்கு வந்து காத்திருந்தேன். அந்த மாதம் யாரும் வரவில்லை. அடுத்த மாதம், வடக்கேயிருந்து ஒருவர் வந்து அதே மடத்தில் தங்கினார். மௌன விரதம் இருப்பவர், சிலேட்டில் எழுதித்தான் பேசுவார், பெரிய ஞானி என்று ஊரெல்லாம் பேச்சு. எங்க வீட்டுக்காரரை அன்றைக்கே இராஜபாளையத்துக்கு அனுப்பினேன். அண்ணாச்சி அவசியம் வந்து பார்க்கவேண்டும், ஒரு பத்து நாள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டுப் போகலாம், சாப்பாட்டுக்கு நானாச்சு என்று சொல்லச் சொல்லி அனுப்பினேன்.

எங்க வீட்டுக்காரர் சாயங்காலம் தனியாகத்தான் திரும்பி வந்தார். கையில் ஒரு தூக்குச் சட்டியில் தயிர். அத்தான் உறை ஊற்றியதாம். நான் வரவில்லை, அவளை விட்டுவிட்டு எங்கே வருவது, எருமைக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று அத்தான் கேட்டாராம்.